அயல்நாட்டுப் பேராசிரியரும் குடிவரவுச் சட்டமும்

1931 ஆம் ஆண்டிற் கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் கடல் கடந்து சிதம்பரஞ் சென்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்றார். 1941 ஆம் ஆண்டில் ஐவர் ஜெனிங்ஸ் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் கொழும்புக்கு வந்து பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபரானார். மறு ஆண்டில் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தபோது அதன் முதலாவது துணைவேந்தரும் ஆனார். 1961 ஆம் ஆண்டில் தனிநாயகம் அடிகளார் பேராதனையை விட்டுக் கோலாலம்பூர் சென்று, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைமை தாங்கினார். ஒரு நாட்டின் அறிஞர் பிறிதொரு நாட்டிற் சென்று கற்பிப்பது நமக்குப் புதிய செய்தியன்று; நமது உயர்கல்வியின் வரலாறே அத்தகைய வரவுகளாலும் செலவுகளாலும் ஆயது.

கல்விக்கு எல்லையில்லை என்பர். கற்றவர் எல்லையைக் கடக்கும்போதோ, அங்கே ஒரு சாவடி உண்டு. சாவடியில் ஓர் அதிகாரி உண்டு. அவர் முதலிற் கேட்பது நூலையன்று, கடவுச்சீட்டையே. அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரைப் பல்கலைக்கழகம் தெரிவு செய்த நாளுக்கும், அவர் வகுப்பறையில் முதற்பாடம் நிகழ்த்தும் நாளுக்கும் இடையில் நடப்பவை பொதுமக்கள் பலரும் அறியாதவை. அவற்றை ஒரு நாட்டின் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். அந்நாடு ஐக்கிய அமெரிக்கா. பெருந்தொகையான அயல்நாட்டு அறிஞரை ஈர்ப்பது அது. அதன் சட்டமோ சிக்கல் மிக்கது. நம் நாட்டு இளம் அறிஞர் பலரும் நாடுவது அதனை ஆதலின், அதனை அறிந்துகொள்வது நமக்குப் பயனுடையதுமாகும்.

இன்றைய சட்டத்தை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1885 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றியது. அயல்நாட்டுத் தொழிலாளரை முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து இறக்குமதி செய்தல் கூடாது என்பது அதன் சாரம். குறைந்த கூலிக்கு ஆட்களைத் திரட்டிவந்து உள்ளூர்த் தொழிலாளரின் ஊதியத்தைக் கெடுக்கும் முதலாளிகளைத் தடுப்பதற்காக எழுந்த சட்டம் அது. ஆயினும், பேராசிரியரும் ஒப்பந்தத்தின் பேரில் வருபவரே அல்லரோ? 1891 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம், கல்லூரிகளுக்கு வரும் பேராசிரியர்களையும் சமய குருமாரையும் அத்தடையினின்றும் விலக்கியது. ஆசிரியருக்கெனத் தனியே ஒரு சிறு வாயிலைத் திறந்துவைக்கும் வழக்கம் அன்றே நிலைபெற்றுவிட்டது எனலாம்.

1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை, இந்தியாவும் இலங்கையும் உட்பட, தடைப்பிரதேசம் என வகுத்தது. அப்போதும் ஆசிரியர், மாணவர், மருத்துவர் முதலியோருக்கு விலக்கு இருந்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நாட்டினருக்கும் ஆண்டுதோறும் இத்தனை பேர் என வரையறை விதித்தது. அவ்வரையறைக்கு உட்படாதவருள் கல்லூரி, பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவர்தம் மனைவி மக்களும் அடங்குவர். ஆனால் ஒரு நிபந்தனை; விண்ணப்பிப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அவர் தொடர்ச்சியாகப் பேராசிரியத் தொழிலைச் செய்தவராக இருத்தல் வேண்டும்.

போலிப் பேராசிரியர் நுழைவதைத் தடுக்க எழுதப்பட்ட எளிய வாசகம் இது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இதுவே பலருடைய விதியைத் தீர்மானிக்கும் வாசகமாயிற்று. 1933 ஏப்பிரிலில் ஹிட்லரின் அரசாங்கம் அரச சேவைபற்றிய ஒரு சட்டத்தால் யூத வமிசத்தினரையும் தன் அரசியலுக்கு உடன்படாதவரையும் ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களினின்றும் நீக்கத் தொடங்கியது. கணித மேதை எம்மி நோதர் அவ்வாண்டிற் பதவி இழந்து, அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் பிறின் மோர் கல்லூரியை அடைந்தார். அல்பேட் ஐன்ஸ்ரைன் பிரின்ஸ்ரன் நகரின் உயராய்வு நிறுவனத்தில் அமர்ந்தார். நியூயோர்க்கில் அல்வின் ஜோன்சன் என்பார் இடம்பெயர்ந்த அறிஞருக்கெனப் புலம்பெயர்ந்தோர் பல்கலைக்கழகம் ஒன்றையே நிறுவினார். இடம்பெயர்ந்த ஜேர்மனிய அறிஞருக்கு உதவும் அவசரக் குழுவும் அவ்வாண்டில் தோன்றியது. பின்னாளில் வானொலிச் செய்தியாளராக உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் மரோ அக்குழுவின் துணைச் செயலாளராக விளங்கினார். குழு இயங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் உதவி நாடினர். உதவி பெற்றோர் 335 பேரே.

இரண்டாண்டு நிபந்தனையின் கொடுமை நாட்செல்லச் செல்லவே வெளிப்பட்டது. 1933 இற் பதவி இழந்தவர் உடனே புறப்பட்டிருந்தால், நேற்றுவரை பேராசிரியராய் இருந்தேன் எனக் காட்ட இயன்றிருக்கும். நிலைமை சீராகும் என நம்பி ஊரிற் காத்திருந்தவர் 1938 இல் விசா கேட்டபோது, கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கே கற்பித்தீர் என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாது நின்றார். எந்தக் கொடுமையிலிருந்து அவர் தப்ப விழைந்தாரோ, அதே கொடுமை அவருடைய தகுதியையும் பறித்துவிட்டது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஹெட்விக் ஹின்ற்ஸ என்னும் பெண் அறிஞர் 1933 இல் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1939 இல் ஒல்லாந்துக்குத் தப்பிச் சென்றார். 1940 இல் நியூயோர்க்கிலிருந்து அவருக்குப் பதவியழைப்பு வந்தது. அவரால் அமெரிக்காவுக்குச் செல்ல இயலவில்லை. 1942 இல் ஊட்ரெக்ட் நகரில் அவர் இறந்தார். பதவியழைப்பு வேறு, நாட்டிற்குட் புகும் உரிமை வேறு என்பதை உணர்த்த இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

புகும் உரிமைக்கும் பிரசாவுரிமைக்கும் இடையிலுள்ள வேற்றுமைக்குத் தமிழர் ஒருவரின் வரலாறே சான்றாகும். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திற் பணியேற்றார். அந்நாளில் இந்தியர் எவரும் அமெரிக்கப் பிரசையாதல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. கற்பிக்கலாம், ஆராயலாம், ஆயினும் அந்நாட்டவர் ஆகமுடியாது. 1946 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கு அவ்வழியைத் திறந்தது. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இனம்பற்றிய தடையை முற்றாக நீக்கியது. சந்திரசேகர் 1953 இற் பிரசாவுரிமை பெற்றார். பௌதிகத்துக்கான நோபெல் பரிசு 1983 இல் அவரை வந்தடைந்தது.

இனி, இன்றைய நடைமுறைக்கு வருவோம். ஓர் அறிஞரை எண்ணிக்கொள்வோம். அவர் ஒரு பெண்மணி, யாழ்ப்பாணத்திற் பிறந்தவர், பேராதனையிற் பட்டம் பெற்று, இங்கிலாந்திற் தாவரவியலிற் கலாநிதியானவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவரை உதவிப் பேராசிரியராகத் தெரிவு செய்துள்ளது. அவர் செல்லக்கூடிய வழிகள் யாவை?

இரு வழிகள் தலையாயவை. ஒன்று ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசா; மற்றது எச்-1பி எனப்படும் தொழில் விசா. பெயர்கள் எழுத்துக்களாய் இருத்தலின் இரண்டும் ஒரே பொருளின் இரு வகைகள் போலத் தோன்றும். உண்மையில் இவ்விரண்டின் நோக்கங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஜே-1 விசா 1961 ஆம் ஆண்டின் கல்விப் பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தாற் பிறந்தது. நாடுகளிடையே நல்லுறவு வளரவேண்டும், வந்தவர் கற்றும் கற்பித்தும் தாயகந் திரும்பவேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஆகவே அதனை நாடுபவர் தாயகத்தைக் கைவிடும் எண்ணம் தமக்கில்லை எனக் காட்டுதல் வேண்டும். பேராசிரியர், ஆராய்ச்சி அறிஞர் என்ற பிரிவில் ஐந்தாண்டு வரையிலும், குறுங்கால அறிஞர் என்ற பிரிவில் ஆறு மாதம் வரையிலும் தங்கலாம். பல்கலைக்கழகமே இதற்கான சான்றுப்பத்திரத்தை வழங்குவதாற் காரியம் விரைவில் முடியும். ஆனால் நிரந்தரப் பதவிக்கு வழிவகுக்கும் நியமனம் பெற்றவருக்கு இவ்விசா உரியதன்று. நம் தாவரவியலாளர் பெற்றிருப்பது அத்தகைய நியமனமாயின், இவ்வாயில் அவருக்கு மூடியே இருக்கும். அவர் ஈராண்டு ஆராய்ச்சிக்கு மட்டும் செல்வாராயின் இதுவே பொருத்தமான வழி.

இவ்வழியிற் செல்வோர் இரு விதிகளை முன்னரே அறிந்திருத்தல் நன்று. முதலாவது, ஆராய்ச்சி அறிஞராகச் சென்று முடித்துத் திரும்பியவர், இடையில் ஆறு மாதமே தங்கியிருந்தாலும், மீண்டும் அதே பிரிவிற் செல்ல இருபத்துநான்கு மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். ஐந்தாண்டில் மூன்றாண்டைப் பிற்காலத்துக்குச் சேமித்து வைக்கலாம் எனக் கருதி ஏமாந்தோர் பலர்.

இரண்டாவது விதி இதனினும் கடினமானது. அரசாங்க நிதியைப் பெற்றுச் சென்றவரும், தம் நாட்டுக்கு இன்றியமையாத துறைகள் என ஒரு பட்டியலிற் குறிக்கப்பட்ட துறையினரும், மருத்துவப் பயிற்சிக்குச் சென்றவரும் தாயகத்தில் மொத்தமாக இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே எச்-1பி விசாவோ நிரந்தர வதிவுரிமையோ பெறலாம். புல்பிறைற் புலமைப் பரிசில் பெறுவோர் இவ்விதிக்கு உட்படுவர். பொதுப்பணத்தில் உயர்ந்த ஒருவரின் புலமை அவரது நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில் எழுந்த விதி இது. 2024 டிசெம்பரிற் துறைப்பட்டியல் திருத்தப்பட்டபோது, இந்தியா, சீனா உட்படப் பல நாடுகள் அதனின்றும் நீக்கப்பட்டன. ஆயினும் அரசாங்க நிதி பெற்றோரைக் கட்டும் விதி முன்போலவே தொடர்ந்தது. விலக்குப் பெறவும் வழிகள் உண்டு. தாயக அரசாங்கம் தனக்கு ஆட்சேபமில்லை எனத் தெரிவித்தல், அமெரிக்கப் பிரசையான துணைவருக்கோ பிள்ளைக்கோ பெருந்துன்பம் நேருமெனக் காட்டுதல், திரும்பினாற் கொடுமைக்கு ஆளாவார் எனக் காட்டுதல் என்பன அவற்றுட் சில. பரிசிலைப் பெறும் மகிழ்ச்சியிற் கையொப்பமிடுவோர், ஈராண்டு விதி தமக்குப் பொருந்துமா என அன்றே கேட்டறிதல் வேண்டும்.

இனி எச்-1பி. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தில் எச்-1 எனத் தொடங்கிய பிரிவு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்பெயரைப் பெற்றது. பட்டக்கல்வியை வேண்டிநிற்கும் சிறப்புத் தொழில்களுக்கு உரியது. இவ்விசாவில் வருபவர் பின்னர் நிரந்தரமாகத் தங்க விரும்பினாலும் அது குற்றமாகாது. தனியார் கம்பெனிகளுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 எனவும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 எனவும் எல்லை உண்டு. கோருவோர் தொகை மிகுவதாற் சீட்டுக் குலுக்கியே தெரிவு நடந்துவந்தது. பல்கலைக்கழகங்களோ 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வெல்லையினின்றும் விலக்கப்பட்டன. 1891 இலும் 1924 இலும் திறந்த அச்சிறு வாயிலின் இன்றைய வடிவம் இதுவே. பல்கலைக்கழகம் ஆண்டின் எந்த மாதத்திலும் மனுச் செய்யலாம். ஆனால் அவ்விலக்கு ஆளுக்குரியதன்று, நிறுவனத்துக்குரியது. பல்கலைக்கழகத்தை விட்டுத் தனியார் கம்பெனிக்குச் செல்ல விரும்பும் அறிஞர், அதுவரை எண்ணப்படாதவராயின், அன்று முதன்முறையாக அவ்வெல்லைக்குள் வந்து நிற்பார்.

மனுச் செய்பவர் அறிஞரல்லர், பல்கலைக்கழகமே என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். அது முதலிற் தொழில் இலாகாவுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் அனுப்புகிறது. அதே வேலையைச் செய்யும் பிறருக்குத் தான் கொடுக்கும் சம்பளம், அப்பகுதியில் அவ்வேலைக்கு வழங்கும் சம்பளம் ஆகிய இரண்டில் எது கூடியதோ அதனைக் கொடுப்பதாகவும், பிறருடைய வேலை நிலைமைகள் இவரது வரவாற் கெடமாட்டா எனவும், அவ்விடத்தில் வேலைநிறுத்தம் இல்லை எனவும் அது உறுதி கூறுகிறது. இச்செய்தியை வேலைத்தலத்தில் எல்லாருங் காணப் பத்து நாட்கள் அறிவித்தல் பலகையில் ஒட்டவும் வேண்டும். 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அச்சம் இப்பத்திரத்தில் இன்றும் உயிரோடிருப்பதைக் காணலாம். அயலவரை அழைத்து உள்ளூரவரின் ஊதியத்தைக் குறைக்காதே என்பதே அதன் பொருள். ஆனால் இவ்விதி அயலவரையும் காக்கின்றது. குறைந்த சம்பளத்துக்கு அவரை அமர்த்தல் சட்டவிரோதமாகிறது.

தொழில் இலாகா ஏழு வேலைநாட்களுக்குட் சான்று வழங்கியபின், பல்கலைக்கழகம் குடிவரவுச் சேவைக்கு மனுவை அனுப்புகிறது. பதவி எத்தகையது, அதற்கு எப்பட்டம் வேண்டும், அறிஞரின் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு ஒப்பானதா என்பன அங்கே ஆராயப்படும். மனு ஏற்கப்பட்டதும் நம் தாவரவியலாளர் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகப் பரீட்சைக்குச் சென்று விசா பெறுகிறார். விமான நிலையத்தில் அதிகாரி அவர் எந்நாள்வரை தங்கலாம் எனக் குறித்து உள்ளே விடுகிறார்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் உள்ள தேதியே தாம் தங்கக்கூடிய தேதி என அவர்கள் எண்ணுகின்றனர். விசா என்பது வாயிலைத் தட்டும் உரிமை. உள்ளே எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை நுழைவின்போது பதியப்படும் வருகைப் பதிவே தீர்மானிக்கும். இரண்டும் வேறுபடலாம். பல்கலைக்கழகங்களின் அயல்நாட்டு அறிஞர் அலுவலகங்கள், வந்திறங்கியவரிடம் முதலில் அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனாலேயே.

எச்-1பி அனுமதி முதலில் மூன்றாண்டு வரை. பின்னர் நீடிக்கப்பட்டு மொத்தம் ஆறாண்டு. வெளிநாட்டிற் கழித்த நாட்கள் இக்கணக்கிற் சேரா என்பதாற் பயணச் சான்றுகளைப் பேணிவைத்தல் புத்திசாலித்தனம். குறித்த காலம் முடியுமுன் பல்கலைக்கழகம் அவரை விலக்கினால், தாயகந் திரும்பும் பயணச் செலவை அதுவே கொடுத்தல் வேண்டும். வேலை இழந்தவருக்கு வேறு வேலை தேடவோ புறப்படவோ அறுபது நாட்கள் வரை அவகாசம் அளிக்கும் விதி 2017 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அறுபது நாள் என்பது கேட்கப் பெரிதாய்த் தோன்றும். வீட்டுக் குத்தகையும், பிள்ளைகளின் பாடசாலையும், பரிசோதனைச் சாலையில் அரைகுறையாய் நிற்கும் ஆராய்ச்சியும் உள்ளவருக்கு அது மிகச் சிறிது.

குடும்பத்தின் நிலையையும் சொல்லவேண்டும். எச்-1பி பெற்றவரின் துணைவர் உடன் வந்து வாழலாம். ஆனாற் பொதுவாக வேலை செய்ய இயலாது. நிரந்தர வதிவுக்கான மனு ஏற்கப்பட்ட சிலரின் துணைவருக்கு மட்டும் 2015 ஆம் ஆண்டில் அவ்வுரிமை அளிக்கப்பட்டது. ஜே-1 இல் வருபவரின் துணைவரோ அனுமதி கேட்டுப் பெற்று வேலை செய்யலாம். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ இருந்த ஒருவர் மனைவியின் பதவிக்காகத் தம் தொழிலைத் துறந்து ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்வது, அயல்நாட்டுப் பதவியை ஏற்குமுன் இருவரும் அமர்ந்து பேசவேண்டிய காரியம்.

ஆறாண்டு முடிந்தபின் என்ன? நிரந்தரப் பதவி தரும் பல்கலைக்கழகம் நிரந்தர வதிவுரிமைக்கும் துணைநிற்பது வழக்கம். இங்கேயும் ஆசிரியருக்கெனத் தனிச் சலுகை ஒன்று உண்டு. பொதுவாக ஒரு கம்பெனி அயலவரை நிரந்தரமாக அமர்த்த விரும்பினால், அவ்வேலைக்குரிய குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவரேனும் முன்வரவில்லை எனக் காட்டவேண்டும். ஒருவர் முன்வந்தாலும் மனு தோற்கும். பல்கலைக்கழக ஆசிரியர் விடயத்தில் அளவுகோல் வேறு. பதவியை நாடு முழுவதும் விளம்பரப்படுத்தி, போட்டியில் வந்தவருள் அயலவரே கூடிய தகுதியுடையவர் எனக் காட்டினாற் போதும். தாவரவியல் கற்பிக்கத் தெரிந்தவர் ஒருவர் என்பது பல்கலைக்கழகத்துக்குப் போதாது, வந்தவருட் சிறந்தவர் வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனாற் தெரிவு நடந்த நாளிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். இத்தவணை தவறினாற் சலுகையும் தவறும். பதவியை மீண்டும் விளம்பரப்படுத்தி முழுத் தெரிவையும் புதிதாய் நடத்த நேரும். துறைத்தலைவர் ஒருவர் கோப்பை மேசையில் மறந்துவைத்தால் அதன் விலையைச் செலுத்துபவர் அயல்நாட்டு ஆசிரியரே.

சிறப்புமிக்க பேராசிரியர், ஆராய்ச்சியாளர் என்ற பிரிவு ஒன்றும் உண்டு. மூன்றாண்டுக் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவமும், நிரந்தர நியமனமும், தம் துறையிற் சர்வதேசப் புகழும் உடையவருக்கு அது உரியது. பரிசுகள், கற்றோர் சங்க உறுப்புரிமை, தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பிறர் எழுதியவை, பிறருடைய ஆய்வை மதிப்பிட்டமை, புதுமையான பங்களிப்பு, நூல்களும் கட்டுரைகளும் என்னும் ஆறனுள் இரண்டையேனும் காட்டவேண்டும். இப்பிரிவிற் தொழிற் சந்தையைச் சோதிக்கும் கட்டம் இல்லை. ஆகவே தம் கட்டுரைகளை எவர் மேற்கோள் காட்டினர், எந்தச் சஞ்சிகைக்குத் தாம் மதிப்பீடு செய்தோம் என்பவற்றை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் அறிஞர் பிற்காலத்தில் மகிழ்வர்.

மனு ஏற்கப்பட்டதும் வரிசை ஒன்று காத்திருக்கிறது. தொழில் அடிப்படையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 140,000 நிரந்தர வதிவுரிமைகளே வழங்கப்படும். குடும்பத்தினரும் இதில் அடங்குவர். எந்த ஒரு நாட்டிற் பிறந்தவரும் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கு மேற் பெறுதல் பொதுவாக இயலாது. இங்கே கணக்கிலெடுப்பது பிரசாவுரிமையை அன்று, பிறந்த நாட்டையே. யாழ்ப்பாணத்திற் பிறந்த நம் தாவரவியலாளரும், தஞ்சாவூரிற் பிறந்த ஒரு தமிழரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில், ஒரே நாளிற் பதவியேற்றதாகக் கொள்வோம். ஒரே மொழி பேசுவர். ஒரே பட்டம் பெற்றவர். ஆயினும் இலங்கையிற் பிறந்தவர் உலகின் ஏனைய நாட்டவரோடு குறுகிய வரிசையில் நிற்க, இந்தியாவிற் பிறந்தவர் பல ஆண்டுகள், சில பிரிவுகளில் பல பத்தாண்டுகள், காத்திருக்க நேரும். அக்காலத்தில் அவரது எச்-1பி ஆறாண்டுக்கு மேலும் நீடிக்கப்படலாம். ஆனால் இருபத்தொரு வயதை எட்டும் பிள்ளை பெற்றோரின் மனுவில் இடமிழக்கக்கூடும். பாக்கு நீரிணையின் எக்கரையிற் தொட்டில் கட்டப்பட்டது என்பது ஒரு பேராசிரியரின் பிள்ளைகள் எந்நாட்டில் வாழ்வர் என்பதைத் தீர்மானிக்கிறது. துணைவர் வேறு நாட்டிற் பிறந்தவராயின் அவருடைய நாட்டின் வரிசையிற் சேரலாம் என்பது சிலருக்கு உதவும் ஒரு விதி.

சட்டத்தின் வாயில் எப்போதும் ஒரே அகலமாய் இருப்பதில்லை என்பதற்கு 2025 ஆம் ஆண்டு சான்றாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 19 ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகச் செய்யப்படும் எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் 100,000 டொலர் செலுத்தவேண்டும் எனப் பன்னிரண்டு மாதக் காலத்துக்கு அது விதித்தது. பல்கலைக்கழகங்களுக்கெனப் பொது விலக்கு அதில் இல்லை. பல துறைகளில் உதவிப் பேராசிரியர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்தினும் இது மிகுந்த தொகை. கம்பெனி வர்த்தகத்தை நோக்கி எழுந்த விதி வகுப்பறையையும் தாக்கியது. அமெரிக்க வர்த்தகச் சங்கம் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் இணைந்தது. கற்பிக்கத் தெரிவானவர் ஒருவருக்குத் துறை விரும்பியும் பணமில்லை என்ற விடை கிடைக்கும் நிலை எவ்வாறு ஒரே நாளில் உருவாகலாம் என்பதை இது காட்டுகிறது. ஆகவே பழைய நண்பர் ஒருவர் சென்ற வழியே இன்றும் திறந்திருக்கும் எனக் கருதாது, புறப்படும் நாளின் நிலையைக் கேட்டறிதல் வேண்டும்.

யாரிடம் கேட்பது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை அயல்நாட்டு அறிஞருக்கென அலுவலகம் ஒன்றை வைத்துள்ளன. மனுவைத் தயாரித்தல், தவணைகளைக் காத்தல், பயணத்துக்கு முன் ஆவணங்களைப் பார்த்தல், வந்தபின் சமூகப் பாதுகாப்பு எண், வரி, காப்புறுதி ஆகியவற்றுக்கு வழிகாட்டுதல் என்பன அதன் பணி. நியமனக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே அவ்வலுவலகத்துக்கு எழுதுதல் நன்று. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வலுவலகம் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி. அறிஞரின் தனிச் சட்டத்தரணி அன்று. இருவர் நலனும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடும் வேளையிற் தமக்கெனச் சட்ட ஆலோசனை பெறுதல் தவறாகாது. எச்-1பி மனுவுக்குரிய செலவைத் தொழில் வழங்குநரே ஏற்கவேண்டும் என்பதும் சட்டம். உமது சம்பளத்திற் கழித்துக்கொள்கிறோம் எனச் சொல்லப்பட்டால் அதற்கு இணங்கவேண்டுவதில்லை. முகவரி மாறினாற் பத்து நாட்களுக்குள் அறிவித்தலும், அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே ஊதியம் பெறாதிருத்தலும் அறிஞரின் கடமைகள். பிறிதொரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு நிகழ்த்திச் சன்மானம் பெறுவதும் முன்னரே கேட்டறியவேண்டிய காரியமே.

நாம் எண்ணிக்கொண்ட தாவரவியலாளர் இவ்வளவையும் கடந்து வகுப்பறைக்குட் புகுகிறார் எனக் கொள்வோம். மாணவருக்கு அவர் ஓர் ஆசிரியர் மட்டுமே. அவரது கைப்பையில் இருக்கும் கடிதங்களும், அவற்றின் தேதிகளும், வீட்டில் வேலையின்றி இருக்கும் கணவரும், ஊரிலிருந்து அடுத்த விடுமுறையில் திரும்பிவரும்போது விசா கிடைக்குமோ என்ற ஐயமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நாடு தன் தொழிலாளரைக் காக்கச் சட்டம் செய்தல் நியாயமே. அச்சட்டத்தில் ஆசிரியருக்கென ஒரு வாயிலை விடுதலும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அவ்வாயிலின் பக்கத்தில் எழுதப்படும் சிறு நிபந்தனைகள், ஈராண்டுக் கற்பித்தல், பதினெட்டு மாதத் தவணை, பிறந்த நாட்டின் பெயர் ஆகியன, எழுதியவர் கருதாத மனிதரின் வாழ்வையும் தொடுவன. ஹெட்விக் ஹின்ற்ஸ அம்மையாருக்கு வந்த அழைப்பும், சந்திரசேகர் காத்திருந்த ஆண்டுகளும் அதனையே நமக்கு அறிவுறுத்துகின்றன. அயல்நாட்டுக்குச் செல்லும் நம் அறிஞர் தம் புலமையைப் பேணுவது போலவே தம் ஆவணங்களையும் பேணுவாராக. நம் நாட்டுக்குக் கற்பிக்க வரும் அயலவரை வரவேற்கும் நாமும், அவர் எத்தனை வாயில்களைத் தட்டி வந்தார் என்பதை நினைவிற் கொள்வோமாக.